48-ஆ, 46-ஆ? எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் கணக்குக் கதை

மனித உடம்பில் ஒரு செல்லுக்குள் எத்தனை குரோமோசோம் என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பையன்கூட 46 என்று சட்டென்று சொல்லிவிடுவான். 23 ஜோடி. அதில் 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மீதி ஒரு ஜோடி பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய். பரீட்சைக்கு ரெண்டு மார்க்.

இதே கேள்வியை 1950-ல் உலகத்தின் எந்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டிருந்தாலும் 48 என்று சொல்லியிருப்பார். அதுவும் கொஞ்சம்கூட சந்தேகமே இல்லாமல்! 1923-லிருந்து 1956 வரை, முழுசாக 33 வருஷம், பாடப்புத்தகங்களில் 48 தான் இருந்தது. மைக்ராஸ்கோப் இருந்தது, எண்ணுவதற்கு ஆள் இருந்தது. பலர் எண்ணியும் பார்த்தார்கள். எண்ணியவர்களுக்கெல்லாம் 48 வந்தது!

நான் காமர்ஸ் மாணவன். ப்ளஸ் டூ குரூப் எடுக்கும்போதே பயாலஜிக்கு டாட்டா காட்டியாச்சு. உனக்கு எதுக்குடா இந்த ஆராய்ச்சி என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆடிட்டிங் பேப்பர் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பதுதான் பதில். போன வருஷத்து குளோசிங் பேலன்ஸ் தப்பாக இருந்து, அதைச் சரிபார்க்காமல் இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸாக எடுத்து எழுதி, அப்படியே 33 வருஷம் ஓட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கே நடந்தது.

முதலில் எக்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். பெருக்கல் குறி மாதிரி வடிவம் இருப்பதால் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செல் பிரியும் நேரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் குரோமோசோமும் அந்த மாதிரிதான் தெரியும். வடிவத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது.

1891-ல் ஹெர்மன் ஹென்கிங் என்ற ஜெர்மானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்கள் உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் பூச்சி அது. நம்மூர் பருத்திக் காட்டில் திரியும் சிவப்புப் பருத்திப் பூச்சி இருக்கிறதே, அதே குடும்பம். அந்தப் பூச்சியின் விந்தணுக்களில் பாதிக்கு 11 குரோமோசோம்தான் கிடைக்கிறது, மீதிப் பாதிக்கு கூடுதலாக ஒரு துண்டு போய்ச் சேருகிறது என்று கண்டார். அந்தக் கூடுதல் துண்டு குரோமோசோம்தானா, வேறு ஏதாவதா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால் பக்கத்தில் எக்ஸ் என்று எழுதி வைத்தார். அல்ஜீப்ராவில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவோமே, அந்த எக்ஸ்தான். டாலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்பது மாதிரி.

அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்குச் சரியான தலைப்பு கிடைக்க பதினான்கு வருஷம் ஆனது. நடுவில் 1902-ல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் மெக்ளங் என்பவர், இந்தக் கூடுதல் துண்டுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்று சொன்னார். நல்ல ஊகம். ஆனால் துண்டு கிடைத்தால் ஆண், கிடைக்காவிட்டால் பெண் என்று தலைகீழாகச் சொல்லிவிட்டார்.

அதைச் சரியாகச் சொன்னவர் நெட்டி ஸ்டீவன்ஸ். 1861-ல் பிறந்தவர். தச்சு வேலை செய்தவரின் மகள். பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்த்து காசு சேர்த்து, 35 வயதில்தான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1903-ல் பிரின் மார் கல்லூரியில் டாக்டர் பட்டம். மாவில் வாழும் ஒரு வண்டை எடுத்துக்கொண்டு ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியது, ஒன்றே ஒன்று மட்டும் குட்டி. அந்தக் குட்டியைச் சுமந்த விந்தணு சேர்ந்தால் ஆண், பெரியதைச் சுமந்த விந்தணு சேர்ந்தால் பெண். 1905-ல் இதை வெளியிட்டார். அந்தக் குட்டிதான் ஒய். எக்ஸுக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான் பெயர்க் காரணம்.

அதே வருஷம் எட்மண்ட் வில்சன் என்ற பெரிய பேராசிரியரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பல புத்தகங்களில் அவர் பெயர் முதலில் வரும், சிலவற்றில் அவர் பெயர் மட்டுமே வரும். ஸ்டீவன்ஸ் 1912-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். ஆராய்ச்சியில் இருந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று 1905-லேயே தெரிந்துவிட்டது. பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைத் திட்டும் மாமியார்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை :-)

பூச்சிகள் சரி, மனிதன்? இங்கேதான் சிக்கல் ஆரம்பம். பூச்சிக்கு குரோமோசோம்கள் கொஞ்சம், பார்க்க வசதி. மனித செல்லில் அவை அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், சேமியா உப்புமா மாதிரி. அந்தக் காலத்து முறை என்னவென்றால், திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் போட்டுப் பார்ப்பது. வெட்டும்போது ஒரே குரோமோசோம் ரெண்டு சீவலில் ரெண்டு துண்டாகப் போனால் ரெண்டாக எண்ணிவிடலாம். ஒன்றின் கீழ் ஒன்று மறைந்தால் ரெண்டை ஒன்றாகவும் எண்ணலாம். 1912-ல் வினிவார்ட்டர் என்ற பெல்ஜியக்காரர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார்.

1920-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தியோஃபிலஸ் பெயின்டர் இதில் இறங்கினார். அவருக்குத் திசு கிடைத்த இடத்தைச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் அரசு மனநலக் காப்பகத்தில் இருந்த மூன்று ஆண்களுக்கு விதைகளை அறுத்து எடுத்தார்கள். அவை பெயின்டரின் மேஜைக்கு வந்தன. மூவரில் இருவர் கறுப்பினத்தவர். அறிவியல் வரலாற்றில் 48 என்ற எண்ணைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள்.

பெயின்டர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. மனிதனிடமும் எக்ஸ், ஒய் இருப்பதைக் கண்டு சொன்னவரே அவர்தான். 1921-ல் அவர் எழுதியதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 46-ஆ 48-ஆ என்று தடுமாறுகிறார், தெளிவாகத் தெரிந்த செல்களில் 46 தான் எண்ண முடிந்தது என்றும் சொல்கிறார். ஆனால் 1923-ல் வந்த பெரிய கட்டுரையில் 48 என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் எண்ணியவர்களுக்கு 48 என்பது முன்கூட்டியே தெரிந்த விடை. 46 வந்தால் "ரெண்டு எங்கேயோ மறைந்திருக்கு" என்று மறுபடி தேடுவார்கள். தேடினால் கிடைக்கத்தானே செய்யும்! வித்தியாசத் தொகை வரும்வரை வவுச்சரைப் புரட்டுகிற ஆடிட்டர் மாதிரி. (சிம்பன்சிக்கு நிஜமாகவே 48. நம் வம்சத்தில் ரெண்டு குரோமோசோம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிப் போனதால் நமக்கு ஒரு ஜோடி குறைவு. இது தற்செயல் ஒற்றுமைதான்.)

இதை உடைத்தது புத்திசாலித்தனமான தத்துவம் எதுவும் இல்லை. சமையலறை சமாச்சாரம் மாதிரி சில கைப்பக்குவங்கள்.

முதலாவது, தண்ணீர். டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் டி.சி. சூ என்ற சீன விஞ்ஞானி வேலை பார்த்தார். ஒருநாள் அவர் ஸ்லைடில் குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து தனித்தனியாகக் கிடந்தன. திரும்பச் செய்தால் வரவில்லை. பல மாதம் தேடித்தான் காரணம் பிடிபட்டது. செல்களைக் கழுவும் உப்புக் கரைசலை யாரோ அளவு தவறிக் கலக்கி, உப்பு குறைந்து தண்ணீர் அதிகமாகிவிட்டது. பாயசத்தில் போட்ட உலர்திராட்சை உப்புவது போல செல் தண்ணீரைக் குடித்து உப்பி, உள்ளே இருந்த குரோமோசோம்கள் விலகிப் பரவிவிட்டன. 1952-ல் இதை வெளியிட்டார். இவ்வளவு தெளிவாகப் பார்த்த சூ எத்தனை எண்ணினார் தெரியுமா? 48! புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது.

இரண்டாவது, கோல்ச்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கும் நூல்கள் உருவாகும். கோல்ச்சிசின் அந்த நூல்களை உருவாக விடாது. அதனால் குரோமோசோம்கள் நன்றாகச் சுருங்கித் தடித்த நிலையில், எண்ணுவதற்கு வசதியாக, அப்படியே நின்றுவிடும். ஐரோப்பாவில் இதை குரோக்கஸ் மாதிரிப் பூக்கும் ஒரு செடியிலிருந்து எடுத்தார்கள். இதே பொருள் நம்ம செங்காந்தளிலும் இருக்கிறது! ஆமாம், தமிழ்நாட்டின் மாநில மலர்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் அதைக் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கட்டிப் பயிர் செய்வது அதன் விதைக்காகத்தான். விதையிலிருந்து கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். ஏற்றுமதிச் சரக்கு. பிரமாதமான ப்ராஜெக்ட் டாபிக், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டைவிரல். செல்களைச் சீவலாக வெட்டாமல், கண்ணாடிக்கு நடுவில் வைத்து விரலால் அழுத்தித் தட்டையாக்கிப் பார்ப்பது. இது தாவர ஆராய்ச்சிக்காரர்கள் செய்துகொண்டிருந்த வேலை.

இந்த மூன்றையும் ஒன்று சேர்த்தவர் ஜோ ஹின் சியோ. 1919-ல் ஜாவாவில் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா போட்டோகிராபர், மகனுக்கும் அந்தத் தொழில் கைவந்தது. விவசாயம் படித்து உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் முகாமில் அடைத்துவிட்டார்கள். போர் முடிந்து ஐரோப்பா போய், ஸ்பெயினில் பயிர் ஆராய்ச்சி வேலை. விடுமுறைக்கெல்லாம் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

1955 டிசம்பர் 22, அதிகாலை 2 மணி. கலைக்கப்பட்ட கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, உப்ப வைத்து, நிறுத்தி, அழுத்திப் பார்க்கிறார். 46. அடுத்த செல். 46. நான்கு கருக்களிலிருந்து எடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட செல்களில் திரும்பத் திரும்ப அதே கதை. 1956 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. சில மாதத்தில் இங்கிலாந்தில் ஃபோர்டும் ஹேமர்டனும் 23 ஜோடிதான் என்று உறுதி செய்தார்கள். சியோ எடுத்த போட்டோக்களை இன்றைக்குப் பார்த்தாலும் குழந்தைகூட எண்ணிவிடும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அதே ஆய்வகத்தில் ஈவா ஹான்சன்-மெலாண்டரும் சக ஆய்வாளர்களும் அதற்கு முன்பே மனிதக் கருவின் கல்லீரல் செல்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மறுபடி மறுபடி 46 தான் வந்திருக்கிறது. 48 கிடைக்கவில்லையே, நம்ம ஸ்லைடில்தான் ஏதோ குறை என்று வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்! சரியான விடை கையில் இருந்திருக்கிறது, விடைத்தாளோடு பொருந்தவில்லை என்பதால் அடித்துவிட்டார்கள். யார் பெயர் முதலில் என்பதில் சியோவுக்கும் லெவானுக்கும் உரசல் வந்தது தனிக் கதை. சியோ விட்டுக்கொடுக்கவில்லை.

மொத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது. எது எந்தக் குரோமோசோம் என்று அடையாளம் காண்பது அடுத்த வேலை. 1960-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடி, நீளத்தை வைத்து 1 முதல் 22 வரை வரிசை எண் கொடுத்தார்கள், எக்ஸும் ஒய்யும் தனி. அதே வருஷம் பீட்டர் நோவெல் இன்னொரு வழி கண்டுபிடித்தார். சிவப்பு ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு சத்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரிய வைக்கிறது! அதற்கப்புறம் கருவும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம், கொஞ்சம் ரத்தம் போதும்.

ஆனாலும் எக்ஸைத் தனியாகக் காட்ட முடியவில்லை. 6 முதல் 12 வரையான குரோமோசோம்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு, எக்ஸும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. யூனிஃபார்ம் போட்ட வகுப்பில் ஒருவனைப் பின்பக்கத்திலிருந்து அடையாளம் காட்டு என்றால் எப்படி? 1970-ல் ஸ்வீடனின் காஸ்பெர்சன் குழு, பழைய மலேரியா மாத்திரையின் உறவினரான ஒரு சாயத்தை ஏற்றியபோது ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய பட்டைகளோடு ஒளிர்ந்தது, பார்கோடு மாதிரி. ஒய்யின் ஒரு நுனி பளிச்சென்று மின்னியது. அடுத்த வருஷமே ஜீம்சா சாயத்தில் அதைச் செய்ய எளிய வழி வந்தது. நமக்குக் காய்ச்சல் வந்தால் மலேரியாவா என்று பார்க்கப் போடும் சாயம் அது. ஆக, எக்ஸ் என்று பெயர் வைத்து 80 வருஷம் கழித்துத்தான் மனித எக்ஸைக் கூட்டத்திலிருந்து சந்தேகமில்லாமல் பிரித்துக் காட்ட முடிந்தது. ஒய்யின் டி.என்.ஏ முழுவதையும், 6 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துக்களையும், வரிசையாகப் படித்து முடித்தது 2023-ல்.

இந்த வருஷக் கணக்கை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எக்ஸைக் கூட்டத்தில் அடையாளம் காட்டவே முடியாத காலத்திலேயே அதை வைத்து மனிதர்களைத் தரம்பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கனடாவில் மர்ரே பார் என்பவர் 1949-ல் பெண் பூனைகளின் நரம்பு செல்லில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார், ஆண் பூனைக்கு அது இல்லை. இரண்டு எக்ஸில் ஒன்று செயலிழந்து சுருண்டு கிடப்பதுதான் அந்தப் புள்ளி என்று பின்னால் தெரிந்தது. மனிதப் பெண்களுக்கும் உண்டு. கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் போதும். 1968-லிருந்து ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவுக்கு இதுதான் நுழைவுச் சீட்டு ஆனது. புள்ளி இருந்தால் பெண், இல்லாவிட்டால் வெளியே போ.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இந்தப் பரிசோதனை சரிவராது என்பது ஒன்பது வருஷம் முன்பே தெரியும். 1959-ல் ஜேக்கப்ஸும் ஸ்ட்ராங்கும் எக்ஸ்-எக்ஸ்-ஒய் உள்ள ஆணைக் கண்டுசொன்னார்கள். அவருக்குப் புள்ளி இருக்கும், பரிசோதனைப்படி "பெண்". அதே வருஷம் ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள பெண்களைப் பற்றியும் தெரியவந்தது. அவர்களுக்குப் புள்ளி இருக்காது, பரிசோதனைப்படி "பெண் இல்லை". 

போலந்தின் ஈவா குளோபுகோவ்ஸ்கா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். 1967-ல் குரோமோசோம் பரிசோதனையில் தோல்வி என்று அறிவித்து, பிறகு அவருடைய சாதனைகளையே பதிவேட்டிலிருந்து அழித்தார்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்ட்டினஸ் பட்டீன்யோவிடம் 1983-லேயே பெண் என்ற சான்றிதழ் இருந்தது. 1985-ல் ஜப்பானின் கோபே நகருக்கு அதை எடுத்துப்போக மறந்ததால் மறுபடி பரிசோதனை. புள்ளி இல்லை! எக்ஸ்-ஒய். ஆனால் அவர் உடம்பு ஆண் ஹார்மோனுக்கு எந்தப் பதிலும் கொடுக்காத வகை. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவர், அன்றுவரை அவருக்கே விஷயம் தெரியாது. பத்திரிகையில் செய்தி கசிந்து, உதவித்தொகை போனது. போராடி 1988-ல் தகுதியைத் திரும்ப வாங்கினார். அதற்குள் ஓடும் வயது போய்விட்டது.

எல்லோருக்கும் பரிசோதனை என்ற விதியை ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் கைவிட்டது. சந்தேகப்பட்டால் மட்டும் பரிசோதனை என்று மிச்சம் வைத்தார்கள். அந்த மிச்சத்தில் மாட்டியவர் நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளையில் வேலை செய்தவர்களின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. சில நாளில் பாலினப் பரிசோதனையில் தோல்வி என்று டிவி சேனல்களில் ஓடியது, பதக்கம் போனது. ஒருவருடைய உடம்பைப் பற்றிய மருத்துவ விவரத்தை ஃப்ளாஷ் நியூஸாகப் போட யார் அனுமதி கொடுத்தது என்று அன்றைக்குக் கேட்டவர்கள் குறைவு. பின்னாளில் அவரே செங்கல் சூளையில் கூலிக்குப் போனார். 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்பது சுலபமான கேள்வி என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற வீராங்கனைகளுக்கும் நியாயம் வேண்டும் என்பதும் வாதம்தான். ஆனால் எந்தச் செல்லைப் பார்த்து, எதை எண்ணி முடிவு செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமை ஓடுகிற பெண்ணுக்கு உண்டு.

1990-ல் லண்டனில் ஆண்ட்ரூ சின்க்ளேரும் சக ஆய்வாளர்களும் ஒய்-க்குள் இருக்கும் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கருவில் விதை உருவாவதைத் தொடங்கி வைக்கும் ஸ்விட்ச் அது. எக்ஸ்-எக்ஸ் உள்ள சில ஆண்களின் எக்ஸில் ஒய்யின் ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் அதைத் தேடிப் பிடித்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் சர்வதேசப் போட்டிகளில் ஓட அந்த மரபணு இருக்கிறதா என்ற பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் கண்டுபிடித்த சின்க்ளேரே. மரபணு இருக்கிறதா என்றுதான் இந்தப் பரிசோதனை சொல்லும், அது வேலை செய்கிறதா, உடம்பு அந்த ஹார்மோனை ஏற்கிறதா என்று சொல்லாது என்பது அவர் வாதம். பட்டீன்யோ விஷயத்தில் நடந்ததும் அதுதானே.

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கலாம், இல்லாவிட்டால் கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கலாம். 1968-லும் கன்னத்தில்தான் எடுத்தார்கள்.